முதுகுல ஒரு கறுப்பு

லைட்டை அணைங்கன்னு ருவோலான் கத்தின கத்துல, நர்ஸ் பயந்துபோய் பட்டனை அமுக்கிட்டாங்க.

ஆள் நிக்கிற அளவு இருந்த வைத்தியப் பெட்டிக்குள்ள குழல் விளக்கெல்லாம் ஒண்ணா அணைஞ்சிருச்சு. அம்மா உள்ளேயே நின்னா. கண்ணுல கறுப்புக் கண்ணாடி, உடம்புல ஒட்டுத்துணி இல்ல. என்ன ஆச்சுன்னுகூடக் கேக்கல.

அதுக்குக் கொஞ்சம் முன்னாடி வரைக்கும் ருவோலான் ரசிச்சுப் பாத்துக்கிட்டிருந்தா.

ஏழு வருஷமா இந்த வெளிச்ச வைத்தியம் நடக்குது. கதவுல இருக்கிற சின்னக் கண்ணாடி வழியா அவ பாத்தது இன்னைக்குத்தான். ஊதா வெளிச்சத்துல அம்மா, ஆழ்கடல்ல தானா ஒளிவிடுற ஏதோ ஒரு பெரிய உயிர் மாதிரி இருந்தா. விடியறதுக்கு முன்னாடி எழுந்து சோயாப்பால் காய்ச்சி, முட்டை தோசை சுட்டு விக்கிற அதே அம்மா.

அந்தத் தோல்ல ஒரு புத்துநோய் குடியிருக்கு. சிவப்பா திட்டுத் திட்டா வரும், வெளிச்சம் பட்டா மங்கும், திரும்ப வரும். அதோட பேரைச் சீன எழுத்துல எழுதினா முதல் எழுத்துக்கே காளான்னுதான் அர்த்தம். முதுகுல நல்ல விளைச்சல், சூப்புக்கு வேணுமான்னு பக்கத்துக் கடைக்காரிகிட்ட அம்மா கேப்பா.

இது மெதுவா போற நோய்தான்னு டாக்டர் ஜியென் ஆரம்பத்துலயே சொல்லியிருந்தார். ஆனா இது இருக்கிறவங்களுக்கு வேற புத்துநோயும் வர வாய்ப்பு மத்தவங்களைவிட ஜாஸ்தி, தோல்லயே வரலாம், நுரையீரல்ல வரலாம், புதுசா எதைப் பாத்தாலும் ஓடி வாங்கன்னார்.

அந்தப் புதுசு இப்போ இடது தோள்பட்டைக்குக் கீழ இருந்துச்சு. முதுகு முழுக்க மின்ன, அது மட்டும் ஓரமெல்லாம் பிஞ்சு, கறுப்பா, வெளிச்சத்தைக் குடிச்சுக்கிட்டு. இன்னும் வெளிச்சம் பட்டா அது வளந்துருமோன்னுதான் கத்திட்டா.

அவளுக்குத் தெரியாத முதுகா அது? எட்டு வயசுல இருந்து மருந்து தடவினவ. ஒவ்வொரு திட்டுக்கும் அம்மா பொறந்த பெங்ஹு தீவுகளோட பேர் வச்சவ. இந்த வருஷந்தான், பரீட்சை வருது போய்ப் படின்னு அம்மா அவளை விரட்டிட்டு, தோசைக் கரண்டியால தானே தடவிக்கிட்டா.

நர்ஸ் கதவைத் திறந்து டவலைப் போத்தினாங்க.

"ஏன்டாம்மா, இதுக்கா இப்படிக் கத்தின? இது பிறவி மச்சம். சில மாசம் முன்னாடி, கல்லறை கும்பிடுற பண்டிகைக்கும் முன்னாடியே நான் கேட்டேனே, அம்மாதான் சொன்னாங்க."

ருவோலானுக்கு நல்லாத் தெரியும். அந்த இடத்துல மச்சமே கிடையாது.

டாக்டர் ஜியென் வந்து லென்ஸை வச்சுப் பாத்தார். ரொம்ப நேரம் பாத்தார். எடுத்துப் பரிசோதிக்காம ஒண்ணும் சொல்ல மாட்டேன்னார். இன்னைக்கே எடுத்துரலாம்னார்.

அம்மா குப்புறப் படுத்தா. ருவோலான் அவ காதுகிட்டக் குனிஞ்சு, தெரிஞ்சுமா என்கிட்ட மறைச்சேன்னு கேட்டா.

"பரீட்சைதான் முடிஞ்சிருச்சுல்லடி. வாயால சொல்ல வரல. அதான் உன்னைக் கூட்டிட்டு வந்து அந்தக் கண்ணாடிகிட்ட நிறுத்தினேன்."

எப்பவும் வெளிய பெஞ்சுல உக்காருன்னு சொல்றவ. இன்னைக்கு, உள்ள பாரு, அழகா இருக்கும்னு சொல்லிட்டுத்தான் போனா.

இவளைத் திட்டுறதா, கும்பிடுறதா? ருவோலான் அந்த முதுகையே பாத்துக்கிட்டு நின்னா. எவ்வளவு பெரிய முதுகு.

டாக்டர் மரத்துப்போற ஊசியைப் போட்டார்.

அவ ராவும் பகலுமா ஒவ்வொரு பாடமா முடிச்சுக்கிட்டிருந்தப்போ, அந்தக் கறுப்பு உள்ளுக்குள்ள எவ்வளவு ஆழம் இறங்கியிருக்கும்?