பின்னாடியே வா!

"உன் பொண்டாட்டிக்கு எங்கே போனாலும் தான்தான் முன்னாடி இருக்கணும்!" என்று அண்ணனிடம் வெடித்தாள் தங்கை. ஹெல்மெட்டைக்கூட இன்னும் கழற்றவில்லை.

அண்ணன் பேப்பரிலிருந்து தலையை எடுக்கவில்லை. மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பது அவனுக்குப் பழகிப்போன விஷயம்.

"இப்ப என்ன ஆச்சு?"

"ஒரு நாளாவது என்னை முன்னாடி விட்டிருக்காங்களா? கொஞ்சம் எட்டிப் பிடிச்சா போதும், 'பின்னாடியே வா, பின்னாடியே வா'ன்னு ஒரே அதட்டல். நான் என்ன அவங்க சைக்கிளுக்கு வாலா?"

சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே வந்த அண்ணி, எதுவும் காதில் விழாதவள்போலத் தண்ணீர் குடித்தாள். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு டீச்சர். அதட்டல் கூடவே பிறந்தது.

இருவரும் பயிற்சி எடுத்துக்கொண்டிருந்தது நூறு கிலோமீட்டர் சைக்கிள் பந்தயத்துக்கு. கிளம்பிய மைதானத்துக்கே திரும்ப வேண்டும்; நேரம் முடிந்து கேட்டை மூடுவதற்குள் வந்து சேர்ந்தால் பதக்கம். போன வருஷம் தனியாகப் போன தங்கை பாதி வழியில் துவண்டு, முடியாதவர்களை அள்ளி வரும் வேனில் ஏறி வந்தாள். அவள் வேலை பார்க்கும் மூக்குக் கண்ணாடிக் கடையில் அன்றிலிருந்து அவள் பெயரே 'வேன்'.

இந்த வருஷம் அந்தப் பெயரைக் கழுவியாக வேண்டும். அண்ணியும் வருகிறேன் என்று சேர்ந்துகொண்டாள். இவள் கூப்பிடவே இல்லை.

ஒரு நாள் வீம்புக்குத் தனியாக ஓட்டிப் பார்த்தாள். பாதி தூரத்திலேயே நாக்குத் தள்ளியது. காலில் பலம் போதவில்லை என்று தானே முடிவுகட்டி ஜிம்மில் சேர்ந்தாள்.

"பதக்கம் வாங்கணுமா?" என்றார் ஜிம் மாஸ்டர்.

"எங்க அண்ணன் பொண்டாட்டியைத் தாண்டணும்."

"வீம்பு இருக்கா? போதும், மிச்சத்தை நான் பாத்துக்கறேன்."

தோளில் இரும்புக் கம்பியை ஏற்றி உட்கார்ந்து எழச் சொன்னார். ஒற்றைக் காலால் பெட்டிமேல் ஏறச் சொன்னார். முதல் வாரம் மாடிப்படி இறங்க அழாத குறை. நாற்காலியில் உட்காரக்கூட நாலு கடவுளைக் கூப்பிட வேண்டியிருந்தது.

ஜிம் நாள்களில் அவள் தட்டில் மட்டும் அண்ணி இரண்டு முட்டை கூடுதலாக வைத்தாள்.

"லஞ்சம்" என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிட்டாள்.

கம்பியின் இரு பக்கமும் மெல்ல மெல்ல எடை ஏறியது. ஒரு நாள் தண்ணீர் கேனைத் தோளில் போட்டுக்கொண்டு மூன்று மாடி ஏறினாள், மூச்சு வாங்கவில்லை. தன்னைப் பார்த்துத் தனக்கே பெருமையாக இருந்தது.

பந்தய நாளும் வந்தது. வழக்கம்போல அண்ணி முன்னால், இவள் பின்னால்.

திரும்பும் வழியில், ஏரிக்கரைச் சாலையில், அண்ணியின் தோள் ஆட ஆரம்பித்தது. வேகம் குறைந்தது.

இதுதான் சமயம். தங்கை எழுந்து நின்று மிதித்தாள். கேட்டதையெல்லாம் கால் கொடுத்தது. தாண்டிவிட்டாள்!

"ஏய், வேண்டாம்! பின்னாடியே வா!"

திரும்பி ஒரு சிரிப்புச் சிரிக்கலாம் என்று வாயைத் திறந்தாள். வாய் நிறையக் காற்றுதான் போனது. எதிர்க்காற்று நெஞ்சில் கைவைத்துத் தள்ளியது. மிதிக்க மிதிக்கச் சைக்கிள் நகர மறுத்தது.

இத்தனை நேரம் இந்தக் காற்று எங்கே இருந்தது?

சந்தேகம் வந்து, மறுபடி அண்ணியின் பின்னால் ஒதுங்கினாள். காற்று இல்லை. பக்கவாட்டில் தலையை நீட்டினாள். பளாரென்று அறைந்தது. மறுபடி பின்னால் வந்தாள். ஒன்றுமே இல்லை.

காற்று எங்கேயும் போய்விடவில்லை. அண்ணியின் நெஞ்சில் மோதிக்கொண்டிருந்தது. இன்று காலையிலிருந்து, இத்தனை மாதப் பயிற்சியிலும்.

"ஏன் அண்ணி ஒரு வார்த்தை சொல்லலை?" பின்னாலிருந்தே கத்தினாள் தங்கை.

"சொன்னா பின்னாடி வந்திருப்பியா? ரோஷக்காரி. 'உங்க தயவு எதுக்கு'ன்னு தனியா போய் மறுபடி வேன்ல ஏறியிருப்பே." அண்ணிக்கு மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கியது. "அதட்டினதாலதானே ஜிம்முக்கே போனே? எப்படித் தாண்டினே தெரியுமா! எனக்கு அது போதும்டி. இனி என்னால முடியாது. கேட்டை மூடறதுக்குள்ள நீ போய்ச் சேரு."

தங்கை மறுபடி எழுந்து நின்று மிதித்தாள். சுற்றிக்கொண்டு முன்னால் வந்தாள். வேண்டுமென்றே வேகத்தைக் குறைத்தாள்.

"என் பின்சக்கரத்தை மட்டும் பாருங்க அண்ணி. அதை விட்டு நகரக் கூடாது. பின்னாடியே வாங்க!"

மூடுவதற்காகக் காவலாளி கேட்டில் கை வைத்த நேரத்தில் இரண்டு சைக்கிள்களும் உள்ளே நுழைந்தன. முன்னால் தங்கை, ஒட்டினாற்போல் பின்னால் அண்ணி.

துண்டோடு ஓடி வந்தான் அண்ணன்.

"அடேங்கப்பா! கடைசியில அவளைப் பின்னாடி தள்ளிட்டியா?"

கழுத்தில் விழுந்த பதக்கத்தைக்கூடப் பார்க்காமல் நெஞ்சை நிமிர்த்தினாள் தங்கை.

"ஆமா. இனிமே எங்கே போனாலும் நான்தான் முன்னாடி. எங்க அண்ணி மேல காத்துகூடப் படக் கூடாது!"