புல் வட்டம்

உலகப் போட்டிகள் நடக்கும் வளைகுடா கோல்ஃப் மைதானமொன்றில் புல் பராமரிக்கும் வேலை கேட்டு முஆதும் அவன் மச்சான் யாசரும் சேர்ந்தே மனு போட்டார்கள். விசா யாசருக்கு மட்டும் வந்தது.

“மெம்பருங்களத் தவிர எவனும் கால் வெக்க முடியாது மச்சான். புல்லு வெல்வெட்டு மாதிரி இருக்குது,” என்று அங்கே போய்ச் சேர்ந்த யாசர் வீடியோவில் காட்டினான்.

மறுநாள் சிங்கவரத்தில் முஆதின் வேர்க்கடலைக் கொல்லை நடுவே அதே புல் முறம் அகலத்துக்கு முளைத்திருந்தது. சுண்டுவிரல் இல்லாத இடது காலை அதன்மேல் வைத்து அழுத்தினான். சில்லென்றிருந்தது.

உடனே யாசர் கூப்பிட்டான்.

“புல்லுல எவனோ வெறுங்கால வெச்சிருக்கான் மச்சான். நாலே வெரலு, உன்னுதாட்டம். இன்னொரு வாட்டி நடந்தா என்னை ஊருக்கு அனுப்பிடுவாங்களாம்.”

“நான் கொல்லையிலதானே நிக்கறேன்,” என்ற முஆத், வலது காலையும் எடுத்துப் புல்மேல் வைத்தான்.