ஏறிய காலடி

இந்தப் பாலைவனத்தில் என்னோடு ஒட்டகம் மேய்த்தவன் தவசி; தொலைந்த ஒட்டகத்தைத் தேடி மணல்மேட்டில் ஏறிப் போனவனைக் கடைசியாகப் பார்த்தவன் நான்தான். பதினோரு மாதமாகிறது, அவன் திரும்பவில்லை. அவன் ஏறிய மேட்டைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லி ஊரிலிருந்து அவன் மனைவி அன்னக்கொடி வாராவாரம் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளிக்கிழமை, வெயிலுக்கு முன்னே பார்த்துவிடலாம் என்று, இருட்டோடு கிளம்பி நம்மூர் டிரைவர் செய்யதின் வண்டியில் போனேன்.

"எந்த மேடுண்ணே?" என்றான் செய்யது.

எனக்கு அடையாளம் தெரியவில்லை.

"போன வருஷ மேடு இப்ப எங்க இருக்கும்? இங்க காத்துதான மேஸ்திரி. ஏதாச்சும் ஒண்ண எடுத்துட்டு வாங்க."

இருப்பதில் உயரமானதாகப் பார்த்து ஏறினேன். உச்சியில் நின்று தவசி என்று ஒருமுறை கூப்பிட்டும் பார்த்தேன். பிறகு மறுபக்கம் சறுக்கி இறங்கி, சுற்றி வந்து, முதல் வெயில் மேட்டில் விழுந்தபோது படம் எடுத்தேன். நெஞ்சு வலிக்கும்படி அழகாக இருந்தது. தார்ச்சாலைக்கு வந்ததும் அனுப்பினேன். உடனே அன்னக்கொடி கூப்பிட்டாள்.

"அண்ணே, மேல ஒரு காலடி போகுதே."

"ஆமாம்மா." அது என் காலடி என்று சொல்லவில்லை.



"ஏறினது தெரியுது. எறங்கி வந்தது காணோமேண்ணே."

போனை வைத்துவிட்டு, வண்டியைத் திருப்பச் சொன்னேன்.

"எதையாச்சும் மறந்துட்டீங்களா?" என்றான் செய்யது.

"ஏறின பக்கமே எறங்க மறந்துட்டேன்."

அவன் என்னைப் பார்த்தான். வண்டியைத் திருப்பினான். சாலையின் குறுக்கே மணல் ஓடத் தொடங்கியிருந்தது.