கிளினிக்குக்கு வந்த ஒரே ஆள்

முப்பது கதிரைகள். ஒன்றிலும் ஆள் இல்லை.

அவள் மணிக்கூட்டைப் பார்ப்பதை விட்டுவிட்டாள்.

மூன்று கிழமையாக முதிரையடிக்குளத்தில் வீடு வீடாக ஏறி இறங்கிய மருத்துவமாது அவள். மார்பில் கட்டி இருக்கிறதா என்று டொக்டர் பார்ப்பார், ஊசி இல்லை, நோகாது, பத்து நிமிடம் போதும் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போனது. எல்லாரும் தேத்தண்ணி தந்தார்கள். எல்லாரும் வருவம் மிஸ்ஸி என்றார்கள்.

ஒருத்திக்கு மாடு. ஒருத்திக்குக் கச்சான் கடலை பிடுங்கல். ஒருத்திக்கு வெட்கம்.

வேலும்மயிலும் என்ற மனிதர் மட்டும்தான் தேத்தண்ணியும் தரவில்லை, பொய்யும் சொல்லவில்லை. படலையை மறித்துக்கொண்டு நின்றார்.

"என்ர மனிசி உங்க கிளினிக்குக்கு வரமாட்டா. நோய் வருத்தம் இல்லாத ஆக்களுக்கு வருத்தத்தைச் சொல்லிக் குடுக்காதேங்கோ."

அவருக்குப் பின்னால் மனைவி தவமலர் விளக்குமாறும் கையுமாக நின்றாள்.

பன்னிரண்டு மணிக்கு டொக்டரும் போய்விட்டார். வெறும் மண்டபத்துக்கு வரச்சொல்லி அவரை இனி எந்த முகத்தோடு கேட்பது?

சுவரொட்டியைக் கழற்றிக்கொண்டிருந்தபோது வாசலில் நிழல் விழுந்தது.

வேலும்மயிலும்.

ஏச வந்திருக்கிறார். ஏசட்டும். இன்றைக்குத் திருப்பி ஏசாமல் விடுவதில்லை.

அவர் றோட்டை இரண்டு தரம் திரும்பிப் பார்த்தார். பிறகு சேட்டின் மேல் பொத்தான்களைக் கழற்றினார்.

"மிஸ்ஸி, உது ஆம்பிளையளுக்கும் வருமோ?"

அவள் கை கழுவிக்கொண்டு வந்தாள்.

இடப்பக்கம். காம்புக்குக் கீழே. புளியங்கொட்டை அளவு. விரலுக்கு அசையவில்லை.

"எவ்வளவு காலமா?"

"போன மாரிக்கு முன்னம்."

போன மாரிக்கு முன்னம்! படலையை மறித்துக்கொண்டு நின்ற அன்றைக்கும் இது அந்தச் சேட்டுக்குள்தான் இருந்திருக்கிறது.

அவளுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. அவரைப் பார்த்தா, தன்னைப் பார்த்தா என்று தெரியவில்லை. பெண்களே, பெண்களே என்று ஒவ்வொரு வாசலிலும் கூவியவள் அவள்தானே.

படிவத்தை எடுத்தாள். மாதவிடாய் நின்ற வயது. பால் கொடுத்த மாதங்கள். ஒவ்வொன்றாக வெட்டினாள். பேனை தாளைக் கிழித்தது.

"வீட்டில சொல்லிப்போடாதேங்கோ."

"நான் சொல்லமாட்டன். நீங்கள்தான் சொல்லப்போறியள். திங்கக்கிழமை முதல் பஸ்ஸில பெரியாஸ்பத்திரிக்கு. ரெண்டு பேரும் வாறியள்."

திங்கட்கிழமை நாலு மணித்தியால ஓட்டம். மருத்துவமாதும் கூடப் போனாள். பஸ்ஸில் தவமலர் அழவில்லை.

நகரத்து ஆஸ்பத்திரியில் வாங்குப் பலகை நிறையப் பெண்கள். பதிவு மேசையில் கிளாக்கர் தலை நிமிராமலே சொன்னான்.

"அம்மா நிக்கட்டும். ஐயா வெளியில இருங்கோ."

"நோயாளி ஐயாதான்," என்றாள் மருத்துவமாது.

"அம்மான்ர பேரைச் சொல்லுங்கோ."

"தம்பி, நோயாளி ஐயாதான்!"

மூன்றாம் தரம் சொல்லும்போது அவள் குரல் விறாந்தை முழுக்கக் கேட்டது. எல்லாப் பெண்களும் திரும்பிப் பார்த்தார்கள். வேலும்மயிலும் நிலத்தைப் பார்த்தார்.

பதினேழாம் நம்பர்.

நம்பர் துண்டை வாங்கிக்கொண்டு வாங்கின் ஓரத்தில் போய் ஒடுங்கி இருந்தார். ஒரு கிழவி அவருக்காகக் கொஞ்சம் அரக்கி இடம் விட்டாள்.

தவமலர் மேசையடியை விட்டு நகரவில்லை.

"அக்கா, நீங்களும் போய் இருங்கோ," என்றாள் மருத்துவமாது.

தவமலர் அவளைப் பார்க்கவில்லை. கிளாக்கரைத்தான் பார்த்தாள்.

"தம்பி, எனக்கும் ஒரு நம்பர் தாங்கோ."

கிளாக்கர் இப்போதுதான் நிமிர்ந்தான்.

"சும்மா பாக்கவோ, இல்லாட்டி ஏதும் இருக்கோ?"

தவமலர் சேலைத் தலைப்புக்கு மேலால் வலது மார்பில் கையை வைத்தாள்.

வேலும்மயிலும் வாங்கிலிருந்து மெல்ல எழும்பினார்.