குடை ஸ்டாண்டு

"நாளைக்குக் காலையில வர்றேன். நாலு நாள் இருப்பேன்" என்று அப்பா போனில் சொன்னதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. ஹாலில் நட்டநடுவே என் வீட்டுக்காரர் செய்து வைத்திருக்கும் ஒயின் ரேக்கை எங்கே கொண்டுபோய் ஒளிப்பது?

என் புத்தகங்களுக்காக வாங்கிய ரெடிமேட் அலமாரி அது. அட்டைப் பெட்டியைப் பிரித்து, படத்தைப் பார்த்து ஸ்க்ரூ முடுக்கினால் அரை மணியில் தயார். இவருக்கு அது போதுமா? இரண்டு பலகைகளைக் கழற்றி, டிரில் மெஷினில் வட்டமாக அறுக்கும் பிளேடை மாட்டி, பலகைக்கு எட்டு ஓட்டை போட்டு, திரும்பவும் பூட்டிவிட்டார். ஓட்டைக்கு ஒன்றாக ஏழு பாட்டில்கள் விறைப்பாக நின்றன. என் புத்தகங்கள் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான் கிடக்கின்றன.

மாதத்துக்கு ஒரு நாள், ஆளுக்கு ஒரு கிளாஸ். அவ்வளவுதான் எங்கள் கூத்து. ஆனால் அதை அப்பாவிடம் யார் சொல்வது? பக்கத்து சீட்டில் வாசனை அடித்ததென்று பாதி வழியில் பஸ்ஸை விட்டு இறங்கி நடந்தே வீடு வந்த மனுஷர். முப்பது வருஷம் கணக்கு வாத்தியார் வேறு.

நானாகத் தேடிக்கொண்ட மாப்பிள்ளையை அவர் மனசார ஏற்றுக்கொண்டாரா என்பதே ஆறு வருஷமாக எனக்குத் தெரியாது. வந்தால் "சௌக்கியமா மாப்பிள்ளை?" என்பார். இவர் "சௌக்கியம் மாமா" என்பார். அதோடு சரி. அப்புறம் இரண்டு பேரும் டிவியில் வரும் சோப்பு விளம்பரத்தைக்கூடக் கண் கொட்டாமல் பார்ப்பார்கள். நடுவில் உட்கார்ந்து நான்தான் இரண்டு பேருக்கும் மாற்றி மாற்றிப் பேச்சுக் கொடுப்பேன். இந்த லட்சணத்தில் பாட்டிலும் கண்ணில் பட்டால் கதை கந்தல்.

அன்று சாயங்காலமே ஏழு பாட்டிலையும் துண்டில் சுற்றி வாஷிங் மெஷினுக்குள் இறக்கி மூடினேன். காலி ஓட்டைகளில் வீட்டிலிருந்த குடைகள், சுருட்டிய காலண்டர், பேட்மின்டன் மட்டை என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் சொருகினோம். இவருக்குப் பொய் சொல்ல வராது. அதனால் வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி வைத்தேன்.

அப்பா வந்தார். செருப்பைக் கழற்றிவிட்டு நேராக அலமாரி முன்னால் போய் நின்றார்.

"குடை ஸ்டாண்டுப்பா" என்றேன், அவர் கேட்காமலேயே.

கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு ஓட்டைகளை எண்ணினார். "பதினாறு குடையாம்மா? வீட்ல இருக்கறது ரெண்டு பேர்."

விருந்தாளி வந்தால் வேண்டாமா என்று எதையோ உளறிவிட்டு, காபி போடும் சாக்கில் சமையலறைக்குள் ஓடினேன்.

ஐந்து நிமிஷம் ஆகியிருக்காது. வாஷிங் மெஷின் மூடி திறக்கும் சத்தம் கேட்டது. பயணம் போய் வந்த சட்டையை உடனே துவைத்துப் போட்டால்தான் அப்பாவுக்கு நிம்மதி. பெற்ற மகள் நான், அதை மறந்து தொலைத்திருக்கிறேன்.

எட்டிப் பார்த்தேன். தோளில் அழுக்குச் சட்டை, கையில் பாட்டிலோடு அப்பா ஹாலில் நின்றுகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை, இது உங்களோடதா?"

"ஆமா மாமா" என்றார் இவர்.

ஆறு வருஷமாக நான் ஒட்டவைக்கப் பார்த்ததெல்லாம் போச்சு என்று எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

அப்பா பாட்டிலைத் திருப்பி லேபிளைப் படித்தார். அலமாரியைப் பார்த்தார். மறுபடி பாட்டிலைப் பார்த்தார்.

"இதை நிக்க வைக்கக் கூடாது மாப்பிள்ளை. படுக்க வைக்கணும். அப்பத்தான் கார்க் நனைஞ்சுக்கிட்டே இருக்கும். காஞ்சா சுருங்கிடும், காத்து உள்ள போய்ப் புளிச்சிடும். ஸ்க்ரூடிரைவர் இருக்கா?"

அப்புறம் என்னை யார் மதித்தார்கள்? குடைகளைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார்கள். இரண்டு ஓட்டைப் பலகைகளையும் அரைச் சாண் இடைவெளிக்குக் கொண்டுவந்து, ஓட்டைக்கு நேர் ஓட்டை வைத்து முடுக்கினார்கள். அலமாரியை அப்படியே பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்ததும், பாட்டில் இரண்டு ஓட்டையிலும் நுழைந்து சுகமாகப் படுத்துக்கொண்டது. ஜன்னல் வெயில் ஆகாது என்று அப்பா சொல்ல, இரண்டு பேருமாக அதை உள்சுவர் ஓரம் நகர்த்தினார்கள்.

எந்தத் திராட்சைக்குத் தோல் தடிமன், சிவப்பு ஏன் சிவப்பாச்சு என்று பேச்சு நீண்டுகொண்டே போனது. இவர் ஒன்று சொல்ல, அப்பா அதை மறுக்க, இவர் விடாமல் வாதாட, நான் எடுத்து வைத்த சாப்பாடு ஆறிப்போனது. அப்பா இவர் தோளைத் தட்டிச் சிரித்ததை அன்றுதான் பார்த்தேன். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

சந்தோஷத்தோடு கோபமும் வந்தது. இருமல் மருந்தைக்கூட மோந்து பார்த்துவிட்டுக் கொடுத்த ஆளுக்கு இவ்வளவும் எப்படித் தெரியும்? அப்படியென்றால் இத்தனை வருஷமும் நடிப்பா? பால்கனிக்குப் போய், ஊரிலிருந்த அம்மாவுக்குப் போன் போட்டேன்.

"அம்மா, அப்பா நம்மளை நல்லா ஏமாத்தியிருக்காரு. ரகசியமா குடிக்கிறாரு போல. ஒயினைப் பத்தி அத்தனையும் விரல் நுனியில வச்சிருக்காரு."

அம்மா சிரித்து முடிக்கவே வெகுநேரம் ஆயிற்று.

"போன மாசம் புதுக் கண்ணாடி போட்டுக்கிட்டு போட்டோ அனுப்பினியே, உன் பின்னாடி அலமாரியும் பாட்டிலும் பளிச்சுனு தெரிஞ்சுது. அன்னையிலேருந்து மனுஷன் லைப்ரரியே கதின்னு கிடந்தாருடி. நோட்டு போட்டு எழுதி, என்னைக் கேள்வி கேக்கச் சொல்லி ஒப்பிச்சாரு. கையால தொடாத கண்றாவியைப் பத்தி இந்த வயசுல என்னங்க படிப்புன்னு கேட்டேன். 'மாப்பிள்ளைகூட உக்காந்து பேச எனக்கும் ஏதாவது தெரிஞ்சிருக்க வேண்டாமா'ன்னாரு."