அறுக்காத கயிறு

மற்ற கயிறுகள் எல்லாம் இழுத்த இழுப்புக்கு வந்தன. ஒன்று மட்டும் வரவில்லை.

கதவுக்காரர் காலை ஊன்றி இன்னொரு முறை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.

பாராசூட் படையில் அவரை அப்படித்தான் கூப்பிடுவார்கள். விமானத்தின் கதவோரம் நின்று, ஒவ்வொருவராகத் தோளில் தட்டிக் குதிக்கவிடுவது அவர் வேலை. ஒவ்வொருவரின் பாராசூட்டும் ஒரு நீளக் கயிற்றால் விமானத்தோடு கட்டப்பட்டிருக்கும். ஆள் குதித்ததும் கயிறு பாராசூட்டை இழுத்து விரித்துவிட்டு, வெறுங்கயிறாக வாலோரம் படபடக்கும். கடைசி ஆளும் போனபின் அவற்றை உள்ளே இழுத்துச் சுருட்ட வேண்டும்.

வெறுங்கயிறு இப்படிக் கனக்காது.

கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை வெளியே நீட்டினார். வாலுக்குக் கீழே ஓர் ஆள் தொங்கிக்கொண்டிருந்தான். கயிறு அவன் இடது தோளைச் சுற்றி இறுக்கியிருந்தது. பாராசூட் பிரியவே இல்லை.

ஒல்லி. அவர் மனைவியின் தம்பி. குதித்தால் இவன் கீழே போகமாட்டான், மேலேதான் போவான் என்று படை முழுக்கக் கேலி செய்யும்.

அந்தப் படை தொடங்கிப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அணிவகுப்புகளில் அவர்களுக்குத்தான் கைதட்டல் அதிகம். ஆனால் மெய்யான போரில் குதிப்பது அன்றுதான் முதல் தடவை. எதிரியின் முதுகுக்குப் பின்னால் இறங்கி, ஆற்றுப் பாலத்தைப் பிடித்து, தரைப்படை வந்து சேரும்வரை விடாமல் வைத்திருக்க வேண்டும். அதற்காகத்தான் அப்படி ஒரு படையே.

தொங்குகிறவனுக்கு ஒரு விதி உண்டு. நினைவிருந்தால் கையைத் தலைக்கவசத்தின் மேல் வைக்க வேண்டும். 'கயிற்றை அறுத்துவிடு, மார்பில் இருக்கும் சின்ன பாராசூட்டை நானே விரித்துக்கொள்கிறேன்' என்று அர்த்தம். கை ஏறாவிட்டால் மயக்கம். மயங்கியவனை அறுத்துவிட்டால் கல்லாக விழுவான். அவனை உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டு திரும்ப வேண்டியதுதான்.

ஒல்லியின் வலது கை தலைக்கவசத்தின் மேல் இருந்தது.

கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். வாய் எதையோ கத்தியது. காற்று அதைத் தின்றுவிட்டது.

கதவுக்காரர் கத்தியை உருவினார்.

மேகம் தாழ்ந்திருந்ததால் விமானம் பயிற்சியில் பறந்ததில் பாதி உயரத்தில்கூட இல்லை. சின்ன பாராசூட் விரிய அது போதலாம். போதாமலும் போகலாம். கீழே மரக்கிளைகள் தனித்தனியாகத் தெரிந்தன.

அம்மா போனபின் ஒல்லியை இடுப்பில் தூக்கி வளர்த்தவள் அவர் மனைவி. அவள் முகம்தான் கண்முன் வந்தது. வேறெதுவும் வரவில்லை.

காதுக்கருவியில் ஆள் தொங்குவதைச் சொன்னதும் விமானி கேட்டார். "முழிச்சிருக்கானா?"

"இல்ல சார். மயக்கம். உள்ள இழுத்துடுறேன்."

கத்தி உறைக்குள் போனது. சுருட்டும் எந்திரத்தை ஓடவிட்டார். ஒல்லி கொஞ்சம் கொஞ்சமாக மேலே வந்தான். விளிம்பில் இடித்து உள்ளே விழும்வரை அந்தக் கை தலையைவிட்டு இறங்கவில்லை. அவர்தான் விரல்களைப் பிரித்து இறக்கிவைத்தார்.

தோள் கழன்றிருந்தது. ஒல்லி வாந்தி எடுத்தான். பிறகு அவர் சட்டையைக் கொத்தாகப் பிடித்தான்.

"மாமா, திருப்பச் சொல்லுங்க. நான் கீழ போகணும்."

"பேசாம படு. உங்க அக்கா மூஞ்சில நான் முழிக்க வேணாமா?"

அவருக்கு அப்போது வந்தது நிம்மதிதான். வெட்கமே இல்லாத நிம்மதி.

விமானம் மறுபடி அந்தப் பக்கம் திரும்பவில்லை. பாலத்தைச் சுற்றி எதிரியின் துப்பாக்கிகள் விழித்துக்கொண்டிருந்தன. காலியான பெஞ்சுகளில் யாரோ விட்டுப்போன சீப்பு ஒன்று, பாதி தின்ற பிஸ்கட் ஒன்று. விமானம் முகாமில் தரையிறங்கிய கொஞ்ச நேரத்தில் மூடுபனி கவிந்து, வேறெந்த விமானமும் கிளம்ப முடியாமல் போயிற்று.

மறுநாள் முகாம் மருத்துவமனைக்கு அக்கா ஓடிவந்தாள். தம்பியின் முகத்தைத் தடவினாள். கட்டுப்போட்ட தோளைத் தொடப் பயந்து கட்டிலைத் தொட்டாள். பிறகு கணவர் பக்கம் திரும்பி, அவர் இரண்டு கைகளையும் எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"நீங்க மட்டும் அங்க இல்லன்னா இவன் கதி என்னங்க?"

கதவுக்காரர் ஒல்லியின் மடியில் இருந்த ரேடியோ பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். அதை அவனிடமிருந்து பிடுங்க அங்கே யாருக்கும் மனம் வரவில்லை.

படைக்கு இருந்த ரேடியோ இரண்டு. ஒன்று பழுதுபார்க்கப் போயிருந்தது. மற்றதை, குதிப்பதற்கு முன், ஒல்லியின் காலோடு சேர்த்துக் கட்டி வாரை இழுத்துச் சரிபார்த்தது கதவுக்காரர்தான்.

பாலத்தில் இருப்பவர்கள் எதிரியின் ரேடியோ ஒன்றையாவது பிடுங்கியிருப்பார்கள் என்ற நப்பாசையில் தலைமையகத்தின் குரல் காலையிலிருந்து அந்தப் பெட்டியில் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. சாலை துண்டிக்கப்பட்டுவிட்டது. தரைப்படை வராது. பாலத்தை விட்டுவிட்டுக் காட்டுக்குள் போய்விடுங்கள். கேட்கிறதா? பாலம், கேட்கிறதா?

"யாருடா அது, கத்திக்கிட்டே இருக்கான்? கொஞ்சம் நிறுத்தேன் அதை" என்றாள் அக்கா.

ஒல்லி மாமாவைப் பார்த்தபடியே சத்தத்தைக் கூட்டினான்.