பத்து விநாடிக் குரல்

வீடியோ டேப் உள்ளே போனதும் அதை ஓட்டும் கருவி 'கிர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. டிராம் மாமா அதன் மேல் காதை வைத்துக் கேட்டார்.

இந்த ஒன்றுதான் மிச்சம். அதுவும் பூஞ்சை பிடித்த டேப். ஒரு தடவை ஓடினாலே பெரிய விஷயம். நடுவில் சிக்கினால் தொலைந்தது.

பக்கத்து நாற்காலியில் மனைவி. எட்டு மாதத்துக்கு முன்னால் ஆபரேஷனில் குரல்வளையை எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பேச்செல்லாம் மடியில் இருக்கும் சின்ன வெள்ளைப் பலகையில்தான். எழுதுவாள், காட்டுவாள், அழிப்பாள்.

'பதறாதீங்க. டேப்பு உங்களைவிடக் கெட்டி' என்று எழுதிக் காட்டினாள்.

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அவளுடைய பழைய குரல் பத்து விநாடி தெளிவாகக் கிடைத்தால் போதும் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். இனிமேல் அவள் போனில் தட்டுவதை, போன் அவள் குரலிலேயே பேசும். கிடைக்காவிட்டால் யாரோ முகம் தெரியாத பெண்ணின் குரல்தான். அதைச் செய்து தரும் நிபுணர் இன்று மாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். ஹாலில் மகள் செருப்பை மாட்டிக்கொண்டு தயாராக நிற்கிறாள். மணி நாலு.

பத்தே விநாடி! முப்பத்தைந்து வருஷம் வாய் ஓயாமல் பேசியவளிடமிருந்து பத்து விநாடி கிடைக்கவில்லை என்றால் யார் நம்புவார்கள்?

கல்யாண வீடியோவில் வெறும் பாட்டு. போன் வீடியோக்களில் பேரப்பிள்ளைகள் போடும் கூச்சல். அதில் அவள் குரல் தேறாது.

டிராம் டேப்புகள் நூற்று முப்பது இருந்தன. லீவு கிடைத்தபோதெல்லாம் நாடு நாடாகப் போய் டிராமையும் ரயிலையும் படம் பிடித்தே 'டிராம் மாமா' என்று பேர் வாங்கியவர் அவர். பேட்டரிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பக்கத்திலேயே நின்றவள் அவள். சும்மாவா நின்றாள்? நாய்க்கும் டிக்கெட் வாங்குகிற அம்மாளையும், டிரைவரின் மீசையையும் பற்றி ஓயாமல் சொல்லிக்கொண்டே இருப்பாள்.

இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களுக்கு ஒரு விதி உண்டு. கேமரா ஓடும்போது யாரும் பேசக் கூடாது. மோட்டார் முனகுவது கேட்க வேண்டும், வளைவில் சக்கரம் கிறீச்சிடுவது கேட்க வேண்டும், வேறு எதுவும் கேட்கக் கூடாது. அதனால், ரிட்டயரான பிறகு டேப்புகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றும்போது, மெனக்கெட்டு அவள் பேச்சை ஒரு சொல் விடாமல் சுரண்டி எடுத்தார். இரண்டு வருஷ வேலை. முடிந்ததும் டேப்புகளைப் பழைய சாமான் கடையில் போட்டார். இணையத்தில் கூட்டாளிகள் புகழ்ந்து தள்ளினார்கள். 'மனுஷச் சத்தமே இல்லை, பிரமாதம்!' அதை அவளுக்கே வாசித்துக் காட்டினார், புண்ணியவான்.

இது கடைசிப் பயணத்தில் எடுத்தது. இரண்டு வருஷம் ஆகிறது. பூஞ்சையைப் பார்த்து ஒதுக்கி வைத்ததால் தப்பியது.

திரையில் மழை விட்ட ஒரு தெரு தெரிந்தது. தண்டவாளம் பளபளத்தது. கம்ப்யூட்டரில் பதிவு ஓடியது.

முதல் நிமிடம் வெறும் காற்று.

இரண்டாவது நிமிடம் ஒரு டிராம் போனது. அவள் மூச்சுகூட விடவில்லை.

மூன்றாவது நிமிடம் படம் கோடு கோடாகக் கிழிந்தது. கருவி கிறீச்சிட்டது. அவர் நாற்காலி நுனிக்கு நகர்ந்தார். "பேசேன்டி, தாயே!" என்று திரையைப் பார்த்துக் கெஞ்சினார்.

பக்கத்தில் இருந்தவள் அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

படம் மறுபடி நேரானது. தெருக்கோடியில் ஒரு டிராம் திரும்பியது.

"ஏங்க…"

அவள்தான்! சுத்தமான குரல், துளி இரைச்சல் இல்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. மனைவியின் கை தானாகக் கழுத்துக்குப் போனது.

"ஏங்க, பத்து நாளா எச்சில் முழுங்கினாலே தொண்டையில முள்ளு குத்துற மாதிரி இருக்கு. ஊருக்குப் போனதும் டாக்டர்கிட்ட ஒரு தடவை காட்டிடலாமா?"

"ஷ்ஷ்! டிராம் வருதுல்ல? வாய மூடிட்டு நில்லேன்."

அது அவர் குரல்.

டிராம் வந்தது, நின்றது, போனது. டேப்பும் அதோடு சிக்கி நின்றுவிட்டது.

ஒரு வருஷம் முன்னாலேயே வந்திருந்தால் குரலைக் காப்பாற்றியிருக்கலாமே என்று டாக்டர் கேட்டபோது, "இவ ஒரு வார்த்தை சொல்லலையே டாக்டர்" என்று எல்லோர் முன்னாலும் அவளைக் கடிந்துகொண்டவர் அவர். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். மகள் அம்மாவோடு ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

டேப்பில் இருந்த அந்த நாளே அவருக்கு நினைவில்லை.

"அப்பா, கிடைச்சுதா?" ஹாலிலிருந்து மகள்.

பதிவாகியிருந்தது. பத்து விநாடிக்கு மேலேயே இருக்கும். மகள் ஒரு தடவை போட்டுக் கேட்டுப் பார்க்காமல் அதை வாங்கிப் போக மாட்டாள்.

மனைவி அவசரமாகப் பலகையில் எழுதி அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள். 'இல்லைன்னு சொல்லிடுங்க.'

அவர் அந்த எழுத்தை உள்ளங்கையால் அழித்தார்.

"கிடைச்சிருச்சும்மா," என்றார். "உள்ள வந்து நீயே கேளு."